இரண்டு பேர் எழுத வேண்டிய தாள்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். புதுச்சேரி அண்ணா சாலையில் காரை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை. இருபத்தாறு வருஷமாக வண்டி ஓட்டியும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது அதைவிடப் பெரிய பெருமை. வீட்டில் யாராவது கார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், ஒரு மணி நேரம் பாடம் நடத்தாமல் விடமாட்டேன்.

அந்தச் சாலையில் புதிதாக ஒரு கண்ணாடிக் கடை திறந்திருந்தார்கள். திறந்து பத்து நாள் ஆகியிருக்கும். ஏ.சி., பளபளவென்று கதவு, வாசலில் பலூன் தோரணம். அதைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. சின்னப் புத்திதான், ஒப்புக்கொள்கிறேன். அன்றும் எண்ணினேன். மூன்று பேர். நான்காவதாக நின்றவர் கண்ணாடி வாங்க வந்தவரா, அங்கே வேலை செய்பவரா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்த இரண்டு விநாடிக்குள், எனக்கு முன்னால் போன கார் நின்றுவிட்டது.

அது நின்ற காரணம் இதுதான். சாலையின் குறுக்கே நடப்பவர்களுக்காகப் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளின் ஓரத்தில் ஓர் அம்மாள் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வழி விடுவதற்காக அந்தக் கார் நின்றது. நம் ஊரில் அந்தக் கோட்டுக்காக யாரும் வண்டியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. நானும் நிறுத்தியதில்லை. நடப்பவர் ஒரு கையை நீட்டிக்கொண்டு ஓடுவார், வண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போகும். அப்படியே பழகிவிட்டோம். அதனால் முன்னால் போகிறவர் அங்கே நிற்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு இல்லை.

நான் பிரேக்கை மிதிக்கும்போதே 'டம்' என்று சத்தம் கேட்டது. என் கார் அதே இடத்தில் நின்றுவிட்டது. முன்னால் நின்ற கார் நான் இடித்த வேகத்தில் நாலடி முன்னே போய், கோட்டில் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்த அந்த அம்மாளின் காலில் மோதியது. அவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். கையில் இருந்த பையிலிருந்து டிபன் பாக்ஸ் வெளியே வந்து உருண்டது.

எனக்கு முதலில் வந்தது கோபம் என்று சொன்னால் நம்புவீர்களா? 'நடு ரோட்டில் எவனாவது இப்படி நிறுத்துவானா?' என்றுதான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். சண்டை போட வாயில் வார்த்தைகள் தயாராக இருந்தன.

முன்காரிலிருந்து இறங்கியது ஒரு பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். இறங்குவதற்கு முன்பே எஞ்சினை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, நான்கு பக்கமும் விளக்குகளை மின்ன விட்டிருந்தாள். விழுந்தவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கண் திறந்து பேசுவதைக் கவனித்துவிட்டு, என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"அங்கிள், உங்களுக்கு அடி கிடி பட்டுச்சா?"

திட்ட வந்த நான், இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப வண்டிய ஆஃப் பண்ணிட்டு லைட்ட மட்டும் போட்டு விடுங்க. இதக் கொண்டுபோய் உங்க வண்டிக்குப் பின்னால தள்ளி வைங்க" என்று டிக்கியிலிருந்து, பின்னால் வருபவர்களை எச்சரிக்க வைக்கும் சிவப்பு முக்கோணம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். என் வண்டியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து உறை பிரிக்காமல் இருக்கிறது. அவள் சொன்னபடி கொண்டுபோய் வைத்தேன்.

நான் திரும்பி வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணால் பார்த்தது அவள் கார் மோதியதைத்தான். அதற்கும் நாலடி பின்னால் நின்ற என் காரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் காரின் பின்பக்கம் உடைந்திருந்தது உண்மைதான். ஆனால் அவள் ஓட்டி வந்த அந்தப் பழைய காரில் நாலு பக்கமும் ஏற்கெனவே நசுங்கல்கள் இருந்ததால், புது அடி எது, பழைய அடி எது என்று யாருக்குத் தெரியும்?

"கண்ணு தெரியலியா? இன்னா ஓட்டற நீ?" என்று ஒருவர் கத்த, இன்னொருவர் கை ஓங்கும் அளவுக்குப் போய்விட்டார். அவள் காருக்குள் கையை விட்டு, பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் கையில்லாத சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அந்த மாதிரி. கூட்டம் ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது. "மேடம் முனிசிபாலிட்டியா?" என்று கை ஓங்கியவரே மரியாதையாகக் கேட்டார். அவள், "நீங்க ரெண்டு பேரும் வர்ற வண்டிய அந்தப் பக்கமா திருப்பி விடுங்க" என்றாள். கத்திக்கொண்டிருந்த இருவரும் போக்குவரத்தைத் திருப்பப் போய்விட்டார்கள்! அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆம்புலன்சுக்குப் போன் செய்து, எந்த இடம், எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகுதான் அந்த அம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சிலர் அவரைத் தூக்கி ஆட்டோவில் போடப் போனார்கள். "தூக்காதீங்க, கால அசைக்க வேணாம்" என்று இரண்டு கையாலும் தடுத்துவிட்டாள். வெயில் சுள்ளென்று அடித்தது. யாரோ கொடுத்த குடையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் வேலை. நீல நிறச் சீருடைப் புடவையில் இருந்தார். முட்டி வீங்கிக்கொண்டே வந்தது. அவர் கவலை எல்லாம் வேலைக்கு நேரமாகிவிட்டது, மேனேஜர் திட்டுவார் என்பதில்தான் இருந்தது. அந்தப் பெண் மேனேஜர் நம்பரை வாங்கி அவரைக் கூப்பிட்டாள். "நான் ஓட்டிக்கினு வந்த வண்டி இவங்க மேல பட்டுருச்சு. இவங்க மேல தப்பு இல்ல. நிதானமா கோட்டுலதான் நடந்தாங்க" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் இரண்டு கார்களும் நின்ற இடத்தை நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டாள். அதன் பிறகே வண்டிகளை ஓரங்கட்டச் சொன்னாள். அவள் அந்த அம்மாளுடன் ஆம்புலன்ஸில் ஏறினாள். நான் அந்த டிபன் பாக்ஸைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், பை என் கையில் இருந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் நல்ல எண்ணம் ஒன்றும் அப்போது இல்லை.

ஆட்டோவில் போகும்போது என் மைத்துனருக்குப் போன் செய்தேன். வண்டி இன்சூரன்ஸ் விவகாரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க இடிச்சத யாராவது பாத்தாங்களா மாமா?" என்பது. யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை என்றேன். "அப்ப வாயத் தொறக்காதீங்க. அவ வண்டிதான இடிச்சுது? நீங்க பாட்டுக்கு பைய குடுத்துட்டு கெளம்புங்க" என்றார். எனக்கு அது சரி என்றுதான் பட்டது. இன்னும் சொல்லப்போனால், மனசுக்கு இதமாகவே இருந்தது.

மருத்துவமனையில் அந்த அம்மாளை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போயிருந்தார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் அவள் மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்து, மடியில் ஒரு தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று பக்கத்தில் போனேன். "உக்காருங்க அங்கிள், ரெண்டு நிமிஷம்" என்றாள். உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அப்பா, அம்மா இருவரும் புதுச்சேரிக்காரர்கள். அம்மாவுக்கு இங்கே குருசுக்குப்பம். இவள் பிறந்து வளர்ந்தது பிரான்சில். அங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறாள். லீவுக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்தாள். வரும்போதே தன் மஞ்சள் சட்டையையும் முக்கோணத்தையும் கொண்டுவந்து மாமா காரில் போட்டுவிட்டாளாம். வீட்டில் எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். விபத்து நடந்தால் முதலில் இன்னொரு விபத்து நடக்காமல் பார்க்க வேண்டும், இரண்டாவது தகவல் சொல்ல வேண்டும், மூன்றாவதுதான் அடிபட்டவரைத் தொட வேண்டும் என்று ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினாள். அங்கே ஓட்டக் கற்றுக்கொள்ளும்போதே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். எங்கள் பழக்கத்தில் முதலாவது சத்தம் போடுவது, இரண்டாவது மைத்துனருக்குப் போன் செய்வது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவள் எழுதிக்கொண்டிருந்த தாள் பிரெஞ்சில் அச்சடித்தது. பள்ளிக்கூடத்தில் நானும் பிரெஞ்சு படித்தவன்தான். இப்போது மிஞ்சியிருப்பது வணக்கம் சொல்ல ஒரு போன்ழூரும் நன்றி சொல்ல ஒரு மெர்சியும் மட்டும். அவளே விளக்கினாள். அதற்குப் பெயர் 'கோன்ஸ்தா'. அங்கே ஒவ்வொரு வண்டியிலும் இது இருக்குமாம். இரண்டு வண்டி மோதிக்கொண்டால் இரண்டு டிரைவர்களும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து இதை எழுத வேண்டும். இடது பாதியில் ஒருவர், வலது பாதியில் மற்றவர். கீழே வண்டிகள் நின்ற படத்தை வரைந்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"இங்க இது செல்லாதும்மா" என்றேன்.

"தெரியும் அங்கிள். ஆனா எழுதாம போறதுக்கு எனக்கு கை வரல" என்று சிரித்தாள்.

இடது பாதியை அவள் நிரப்பியிருந்தாள். படமும் வரைந்திருந்தாள். வெள்ளைக் கோடு, அதன் மேல் ஒரு சின்ன உருவம், நின்றுகொண்டிருந்த அவள் கார், அதற்குப் பின்னால் இன்னொரு கார். வலது பாதி அப்படியே காலியாக இருந்தது. அதைத்தான் என்னிடம் நீட்டினாள், பேனாவோடு.

அந்த நேரம் பார்த்து ஏட்டு ஒருவர் வந்தார். அந்த அம்மாளிடம் ஏற்கெனவே விசாரித்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பெண்ணிடம், "வண்டி ஓட்னது நீதானாம்மா?" என்றார். ஆமாம் என்று எழுந்து நின்று, லைசென்ஸையும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கொடுத்தாள். எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரும் எழுதிக்கினு இருக்கோம் சார். என்னுது முடிஞ்சிருச்சு. இவரு எழுதினதும் தர்றேன்" என்றாள்.

ஏட்டு என்னைப் பார்த்தார். "நீங்க யாரு சார்?"

"நான்... கூட வந்தவன். அந்த அம்மாவோட பையக் கொண்டாந்தேன்" என்றேன்.

ஐம்பத்திரண்டு வயது மனிதன், தலை நரைத்தவன், ஊரில் பேர் சொன்னால் தெரியும். அந்த வாயிலிருந்து வந்தது இது. அந்தப் பெண் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏட்டு நல்ல மாதிரி. மெதுவாகத்தான் பேசினார். "எப்பம்மா திரும்பிப் போற?" என்று கேட்டார். திங்கட்கிழமை விமானம் என்றாள். "கேஸ் பதிவாச்சுன்னா ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலையணும். திங்கக்கிழம போறது கஷ்டம்தான்" என்றார். புதன்கிழமை டூட்டி இருக்கிறதே என்றாள். அதைவிட, பேருந்து ஓட்டும் ஒருத்திக்கு, நடந்துபோன ஆளை இடித்தாள் என்று ஒரு வழக்கு வந்தால் அந்த வேலை என்ன ஆகும் என்பது எனக்கே புரிந்தது. ஏட்டுக்குப் போன் வந்தது. "எழுதி வைங்க, வந்துர்றேன்" என்று வெளியே போனார்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. "நான்தான் இடிச்சேன்னு நீ ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"என் பாதியில எழுதியிருக்கேன் அங்கிள், நான் நின்னுக்கினு இருந்தேன், பின்னாலேந்து இடி வந்துச்சுன்னு. யாரு இடிச்சது, ஏன் இடிச்சதுன்னு உங்க பாதியிலதான் வரணும். அத நான் எழுதக் கூடாது" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தாமல் இதையும் சொன்னாள். "நீங்க எழுதலன்னா ஏட்டு வந்ததும் நான் சொல்லத்தான் போறேன். போட்டோவும் இருக்கு. எனக்கு என் வேல முக்கியம். ஆனா மொதல்ல நீங்க சொல்றதுதான் மொற."

அவளிடம் எல்லாமே கையில் இருந்தது. படம் இருந்தது, போட்டோ இருந்தது. ஏட்டு கேட்ட அந்த நிமிஷமே என்னைக் கைகாட்டியிருக்கலாம். நான் 'கூட வந்தவன்' என்று புளுகியபோதாவது பொரிந்து தள்ளியிருக்கலாம். தன் வேலையே ஆட்டம் காணும்போதும், நானாகச் சொல்வதற்கு எனக்கு ஓர் இடம் விட்டுவைத்திருந்தாள். என் மகள் வயதுப் பெண். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம்தான், வேறென்ன?

பேனாவை வாங்கினேன். பிரெஞ்சில் எனக்கு எழுத வராது என்றேன். தமிழில் எழுதலாமே என்றாள். அந்த வலது பாதியில் கட்டங்களைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதினேன்: 'நான் சாலையைப் பார்க்கவில்லை. ஒரு கடையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முன்னால் நின்றிருந்த காரை நான் இடித்தேன். அதனால் அந்தக் கார் நகர்ந்து, நடந்துகொண்டிருந்தவர் மேல் மோதியது.' நாலு வரி. எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. என்ன கடை என்று அவள் கேட்டாள். கண்ணாடிக் கடை என்றேன். நான் என்ன தொழில் செய்கிறேன் என்பதையும் சொன்னேன். அவளுக்கு வந்த சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏட்டு திரும்பி வந்தபோது நான் எழுந்து நின்று, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பொய் சொன்னதைச் சொல்லி, தாளைக் கொடுத்தேன். அவர் என் பாதியைப் படித்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "அந்தம்மாவும் வண்டி நின்னுக்கினுதான் இருந்துச்சுன்னு சொன்னாங்க. அப்புறம் எப்பிடி மேல வந்துச்சுன்னு எனக்குப் புரியல. இப்ப புரியுது" என்றார். இந்தத் தாள் கணக்கில் வராது, ஸ்டேஷனுக்கு வந்து முறைப்படி வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அன்று மாலையே போய் எழுதிக் கொடுத்தேன். வழக்கு என் பேரில் பதிவானது. மைத்துனர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தப் பெண்ணும் தான் பார்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை சொன்னபடி ஊருக்குப் போனாள்.

ஆனால் அன்று காலை இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அதைத்தான் செய்ய எனக்குக் கால் எழவில்லை. "அவங்களுக்கு யார் சொல்றது?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான்தான் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லாமலே தெரிந்தது.

முட்டிச் சில்லில் விரிசல். தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னேன். "அம்மா, உங்கள இடிச்சது அந்தப் பொண்ணு இல்ல. நான்தான். நான் பின்னால வந்து மோதினதுலதான் அந்த வண்டி உங்க மேல வந்துச்சு."

அவர் திட்டினார் பாருங்கள், அப்படி ஒரு திட்டு நான் வாழ்நாளில் வாங்கியதில்லை. 'கண்ணு பொடனியிலயா இருக்குது?' என்று ஆரம்பித்தவர், ஆறு வாரம் படுத்துக்கிடந்தால் வீட்டை யார் பார்ப்பது, குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலையை இந்தக் காலோடு எப்படிச் செய்வது என்று கேட்டு அழுதார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

திட்டி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற அந்தப் பெண்ணை அருகில் கூப்பிட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "நல்ல வேள, இப்பவே சொன்னீங்க. எனக்கு வழி வுட்ட பொண்ணப் போயி ஆயுசுக்கும் திட்டிக்கினு கெடந்திருப்பேனே!"

அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் போலீசையும் சட்டத்தையும்தான் ஏமாற்றியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தப்பும் செய்யாத ஒருத்தியின் தலையில் இன்னொருத்தியின் அத்தனை வருஷத்துச் சாபத்தையும் தூக்கி வைத்துவிட்டுப் போயிருப்பேன் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

கட்டுப் பிரிக்கும் வரை அவரை மருத்துவமனைக்கு நான்தான் காரில் அழைத்துப்போய் வந்தேன். இன்சூரன்ஸில் அவருக்குச் சேர வேண்டியது சேர்வதற்கு, போட வேண்டிய கையெழுத்தையெல்லாம் போட்டேன். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். மூன்று மாதத்தில் அவர் பழையபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் கட்டிலுக்கு அடியில் பெருக்கக் குனியும்போது முட்டி வலிக்கிறதாம். கடைப் பக்கம் வந்தால் எட்டிப் பார்த்து, "நேத்திக்கும் உங்களத் திட்டினேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். திட்டுங்கம்மா என்பேன். அந்த வலிக்குக் காரணமானவன் யார் என்று அவருக்குத் தெரியும், அந்தத் திட்டு வேறு யார் வீட்டுக்கும் போகாமல் என்னிடம் வந்து சேர்கிறது. இன்றைக்கும் நான் நிம்மதியாகத் தூங்குவது அதனால்தான். அந்தத் தூக்கம் அந்தப் பெண் கொடுத்தது.